கால் அவுன்ஸும் இரண்டு ஆட்டமும்

போன மாதம் யூசுப் போன் செய்தான். என்னிடம் ஆறு வருடம் வேலை பார்த்தவன். இப்போது சென்னையில் பவுலிங் பந்துகளுக்குத் துளை போடவும் பழுது பார்க்கவும் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான்.

"அண்ணாத்த, சேதி தெரியுமா? சைடு வெயிட்டு ஒரு அவுன்ஸ தாண்டக் கூடாதுன்னு நம்மள சாவடிச்சாங்களே, இப்போ மூணு அவுன்ஸ் வரைக்கும் விட்டுட்டாங்க. ரூல மாத்தி ரொம்ப நாளாவுது. இத்தக்கூட தெரியாம நீ வூட்ல குந்திகினு கீற" என்றான்.

அதோடு விட்டிருக்கலாம். "புதுசா வர்ற ஆளுங்களுக்கு மொத நாளு உன் கதையத்தான் சொல்றேன். தப்புப் பண்ணிட்டு, ஒருத்தரும் கேக்காமலே போயி ஒத்துக்கினவரு எங்க அண்ணாத்தன்னு" என்றும் சொன்னான். போனை வைத்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் சொல்லிக் கொண்டிருக்கிற கதையில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அறுபத்தெட்டு வயதில் அதை இன்னும் வயிற்றில் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் செங்கல்பட்டுக்காரன். படாளத்தில் ஒரு பம்புசெட் பட்டறையில் பதினேழு வருடம் லேத்து ஓட்டினேன். தொண்ணூறுகளின் கடைசியில், மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு ரிசார்ட்டில் எட்டு லேன் போட்டு பவுலிங் தொடங்கினார்கள். லேத்து தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். பவுலிங் என்றால் என்ன என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. எண்ணெய் பூசிய நீளமான தளத்தில் பந்தை உருட்டி, கடைசியில் நிற்கிற பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம். இதற்குப் போய் ஏசி போட்டு, ஷூ கொடுத்து, காசும் வாங்குகிறார்களே என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

சிரிப்பையெல்லாம் அடக்கியவர் ஆல்பர்ட் சார். ராயபுரத்துக்காரர், இளம் வயதில் கப்பலில் எஞ்சின் அறை மெக்கானிக்காக இருந்தவர். கட்டையான உருவம், எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. கோதண்டம் என்ற என் பெயரில் முதல் எழுத்தை விட்டுவிட்டுத் 'தண்டம்' என்றுதான் கூப்பிடுவார். பந்தைத் தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொள்வார். ஆட்டக்காரரின் கையைத் தொடுவதற்கு முன்னும் துடைத்துக்கொள்வார். முதல் ஒரு வருடம் அவர் என்னைத் துளை போடவே விடவில்லை. பந்து எண்ணெயைக் குடிக்கும், அதை வெந்நீரில் வைத்து எடுக்க வேண்டும். மேற்பரப்பு மழுங்கிப் போகும், அதை உப்புத்தாள் கொண்டு ஒவ்வொரு பக்கமும் ஒரே அளவு நேரம் தேய்க்க வேண்டும். அந்த ஒரு வருடம் முழுக்க இதைத்தான் செய்தேன்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே முறை. அடையாறிலிருந்து காரில் வரும் ஒரு தொழிலதிபர், தன் பந்தைத் தின்னரில் ஊறப் போட்டுத் தரச் சொன்னார். அப்படிச் செய்தால் மேல்தோல் இளகி, பந்து தளத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டு வளையும். போட்டியில் அது செல்லாது, ஆனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆல்பர்ட் சார் பந்தை எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தார். "நீ ஜெயிக்கறதுக்கு பந்து இன்னாத்துக்கு நைனா, கப்பை கடைல வாங்கிக்கோ" என்றார். அந்த ஆள் மேனேஜரிடம் போனார். மேனேஜர் வந்து கேட்டபோது ஆல்பர்ட் சார் துளைக் கருவியைத் துடைத்துக் கொண்டிருந்தார்.

எங்கள் வேலையில் மிகவும் நுணுக்கமான இடம் எடை பார்ப்பது. பந்து பன்னிரண்டு பவுண்டு என்றால், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பன்னிரண்டு பவுண்டாக இருக்காது. துளை போட்டால் அங்கே கனம் குறையும், பழைய துளையை ரெசின் ஊற்றி அடைத்தால் அங்கே கனம் மாறும். வலது பாதிக்கும் இடது பாதிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு அவுன்ஸைத் தாண்டினால் அந்தப் பந்து அந்தக் காலத்தில் போட்டியில் செல்லாது. இதைப் பார்க்கத் தனித் தராசு உண்டு. ஒரு பக்கம் கிண்ணம், மறு பக்கம் அளவு குறித்த தண்டு, நடுவில் கத்தி முனை போன்ற ஒரு எஃகு விளிம்பு. பந்தைக் கிண்ணத்தில் ஒரு வாட்டமாக வைத்து ஒரு முறை, அப்படியே திருப்பி வைத்து ஒரு முறை பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டுக்கொள்வோம்.

கடல் எங்களுக்கு முந்நூறு அடி. ஏசி ஓடினாலும் உப்புக்காற்று உள்ளே வந்துவிடும். அந்த எஃகு விளிம்பில் பார்வைக்குத் தெரியாத அளவு துரு பிடித்தால் போதும், தராசு மந்தமாகிவிடும். அதனால் ஆல்பர்ட் சார் ஒரு பழக்கம் வைத்திருந்தார். பழைய ஃபிலிம் டப்பா ஒன்றில் ஈரம் இழுக்கக் கொஞ்சம் அரிசி போட்டு, அதற்குள் ஒரு அவுன்ஸ் பித்தளை எடைக்கல்லைப் புதைத்து வைத்திருப்பார். முதல் பந்தை ஏற்றும் முன் அந்தக் கல்லை வைத்துத் தராசைப் பார்ப்பார். தண்டு சரியாக ஒரு அவுன்ஸ் காட்டினால்தான் அன்றைய வேலை. காட்டாவிட்டால் மண்ணெண்ணெய் தொட்டு விளிம்பைத் துடைப்பார். "ஆளு பொய் சொன்னா மூஞ்சில தெரியும் தண்டம். தராசுக்கு மூஞ்சி இல்ல" என்பார்.

இப்போது பத்மாவதி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுப்பட்டினத்தை ஒட்டிய டவுன்ஷிப்பில் குடியிருந்தார். ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் டெக்னீஷியன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். வயது முப்பத்தெட்டு, ஒரு பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் பந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார். மாநில அணிக்கான தேர்வில் இரண்டு வருடம் தொடர்ந்து, அணியில் கடைசி இடம் அவர் கையைவிட்டு மயிரிழையில் போனது. மூன்றாவது வருடம் தேர்வு எங்கள் லேன்களிலேயே நடப்பதாக முடிவானது. அவருக்கும் அதுதான் கடைசி வாய்ப்பு. கணவருக்கு வடக்கே மாற்றலாகி, குடும்பமே அடுத்த கோடையில் கிளம்புவதாக இருந்தது. அங்கே நூறு மைலுக்குப் பவுலிங் கிடையாது என்று விசாரித்து வைத்திருந்தார்.

தேர்வு சனி, ஞாயிறு. அந்த வாரம் புதன்கிழமை அவர் அழாத குறையாக வந்தார். திருக்கழுக்குன்றம் கோயிலுக்குப் போனபோது பந்தை வாடகைக் கார் டிக்கியில் வைத்துவிட்டு மலை ஏறியிருக்கிறார்கள். வெயில் சூட்டில் இரண்டு விரல் துளைகளுக்கு நடுவே பந்தில் விரிசல் விழுந்துவிட்டது.

"வேற பந்துல ஆடிப் பழக்கமில்ல கோதண்டம். பழைய மாதிரி ஆகுமா?" என்று கேட்டார்.

"ஆவும் மேடம். வெள்ளிக்கிழமை மத்தியானம் வாங்க" என்றேன்.

விரிசலை ஒட்டித் தோண்டி எடுத்தேன். கட்டைவிரல் துளையையும் சேர்த்து மூன்று துளைகளையும் ரெசின் ஊற்றி அடைத்தேன். குமிழி விழாமல் இருக்க, ஊற்றும்போது பந்தை லேசாகத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு முழு நாள் இறுகவிட்டு, மேலே துருத்தியதைச் சீவி, உப்புத்தாள் போட்டு, வெள்ளிக்கிழமை காலையில் புதிதாகத் துளை போட்டேன். அதை நன்றாகவே செய்தேன். இன்றைக்கும் அந்த வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.

எடை பார்ப்பதில்தான் கோட்டை விட்டேன். மூன்று நாளாக மழைக்காற்று. ஆல்பர்ட் சார் ஐந்தாவது லேனில் கட்டை அடுக்கும் இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். போட்டிக்காரர்கள் கொண்டு வந்த பந்துகளை எங்கள் தராசிலேயே பரிசோதித்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலையும் என் தலையில் விழுந்தது. இருபதுக்கு மேல் பந்துகள் வரிசையாக நின்றன. அமைப்பாளர் வந்து வந்து கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். டப்பாவைத் திறந்து, அரிசியைக் கிளறி, கல்லை எடுத்து வைத்துப் பார்க்க மொத்தம் இரண்டு நிமிடம் ஆகும். நேற்று சரியாகத்தானே இருந்தது என்று விட்டுவிட்டேன். பத்மாவதி மேடத்தின் பந்து முக்கால் அவுன்ஸ் காட்டியது. ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன்.

தேர்வின் முறையையும் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை ஐந்து ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. மொத்தம் பத்தில் சிறந்த ஏழு ஆட்டங்களின் மதிப்பெண்தான் கணக்கு. மூன்று ஆட்டம் சொதப்பினாலும் பாதகமில்லை.

சனிக்கிழமை மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிட இடைவேளை விட்டார்கள். ஆண்கள் பிரிவில் ஆடிய ஒருவர் என் அறைக்கு வந்தார். தன் பந்தை வேறு ஊரில் எடை பார்த்ததாகவும், எங்கள் தராசு அதைவிட அரை அவுன்ஸ் குறைவாகக் காட்டுவதாகவும் சும்மா பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். டப்பாவைத் திறந்து கல்லை வைத்தேன். தண்டு அரை அவுன்ஸில் நின்றது. மண்ணெண்ணெய்த் துணியால் விளிம்பைத் துடைத்தேன், துணியில் பழுப்பாக ஒரு கோடு ஒட்டியது. மறுபடி வைத்தேன். சரியாக ஒரு அவுன்ஸ்.

மற்றவர்களின் பந்துகள் எல்லாம் வரம்புக்கு வெகு கீழே இருந்தன, அரை அவுன்ஸ் கூடினாலும் கேடில்லை. ஒரே ஒரு பந்துதான் விளிம்பில் நின்றது. எண்ணெய் துடைக்கிற சாக்கில் வெளியே போய், வரிசையிலிருந்து அதை எடுத்து வந்தேன். கிண்ணத்தில் வைத்தேன். திருப்பி வைத்தேன். ஒன்றேகால் அவுன்ஸ்.

அப்போது செய்ய வேண்டியது எளிமையானது. நடுவரிடம் சொன்னால் ஆடிய மூன்று ஆட்டங்களையும் ரத்து செய்வார்கள். கனமான பக்கத்தில் சிறிதாக ஒரு எடைத்துளை போட்டால் கால் அவுன்ஸ் குறைந்துவிடும். அப்படித் துளை போடுவது அன்றைக்குச் செல்லும். பத்து நிமிட வேலை. மறுபரிசோதனை செய்து, மீதி ஏழு ஆட்டங்களையும் அதே பந்தில் ஆடலாம்.

நான் அந்தப் பந்தைத் துடைத்தேன். எண்ணெய் போக, பளபளவென்று துடைத்தேன். கொண்டு போய் இருந்த இடத்திலேயே வைத்தேன். பத்மாவதி மேடம் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ் கோதண்டம். இந்தக் கூட்டத்துலயும் என் பந்த மறக்கல" என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே எத்தனையோ முறை கேட்டாயிற்று. பயம்தான். வேலை போய்விடும் என்ற பயம். ஆல்பர்ட் சார் முகத்தில் விழிக்கிற பயம் அதைவிடப் பெரிது. அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். வெளியே நான்காவது ஆட்டம் தொடங்கியது. பத்மாவதி மேடம் அன்று ஆடியதைப் போல் முன்பு எப்போதும் ஆடியதில்லை. 214 எடுத்தார், பெண்கள் பிரிவில் அன்றைய உச்சம். கைதட்டல் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. இந்த ஆட்டம் முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. அடுத்ததும் முடியட்டும் என்று நினைத்தேன்.

ஐந்தாவது ஆட்டம் முடிந்ததும் ஆல்பர்ட் சார் கதவைத் தட்டினார். என் முகத்தைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். மூடாமல் கிடந்த ஃபிலிம் டப்பாவைப் பார்த்தார்.

"இன்னா?" என்றார்.

சொன்னேன். அவர் தன் கைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எப்போ பாத்த?"

"மூணாவது ஆட்டம் முடிஞ்சப்போ சார்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவருக்குக் கணக்குப் போட நேரம் பிடிக்காது. மூன்று ஆட்டம் ரத்தானால் மீதி ஏழு இருக்கிறது. ஐந்து ரத்தானால் மீதி ஐந்துதான், ஏழுக்கு இரண்டு குறையும். நான் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த இரண்டு ஆட்டங்கள்.

"மொதல்ல ஜட்ஜுகிட்ட போவாத. பந்து அந்தம்மாவோடது. அவங்ககிட்ட போயி சொல்லு. எப்போ பாத்தன்றதையும் சேத்து சொல்லு" என்றார்.

மேடம் ஷூ கழற்றிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். தராசு, துரு, ஒன்றேகால். ஒரு ஷூ காலில், ஒன்று கையில். அப்படியே கேட்டார்.

"கால் அவுன்ஸ்னா ஏழு கிராம்" என்றார்.

"ஆமா மேடம்."

"எங்க லேப்ல காலைல வந்ததும் முதல் வேலை அதுதான் கோதண்டம். தராசுல எடைக்கல்ல வெச்சுச் சரிபாக்கறது. அப்புறம்தான் மத்ததெல்லாம்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவரும் விரல்விட்டு எண்ணினார். ஐந்தில் வந்து விரல் நின்றது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எப்போ தெரிஞ்சது?"

"இப்பத்தான் மேடம்" என்றேன்.

அதை முன்கூட்டி யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. அவர் மறு ஷூவைக் கழற்றி, இரண்டையும் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடுகிற வரை நேரம் இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது, இல்ல?" என்று கேட்டார். தலையாட்டினேன். "சரி, வாங்க" என்று எழுந்து, நடுவர் மேசைக்கு அவரே முன்னால் நடந்தார்.

ஐந்து ஆட்டங்களும் ரத்தாயின. அன்று மாலை ஆல்பர்ட் சார் தன் கையால் எடைத்துளை போட்டுக் கொடுத்தார். என்னைத் தொட விடவில்லை. துளை போட்டு முடித்துப் பந்தைத் துணியில் சுற்றும்போது, "சொன்னியா, அல்லாத்தையும்?" என்றார். "சொன்னேன் சார்" என்றேன். ஒரே நாளில் இரண்டாவது பொய். அவர் நம்பினார். வீட்டுக்குக் கிளம்பும்போது என் தோளில் கை வைத்தார், அவர் அப்படிச் செய்தது அந்த ஒரு முறைதான்.

ஞாயிற்றுக்கிழமை பத்மாவதி மேடம் வரமாட்டார் என்றார்கள். வந்தார். ஐந்து ஆட்டம் ஆடினார். அன்றைய ஐந்தை மட்டும் கூட்டினால் பெண்களில் அவர்தான் முதல். பட்டியலில் அவர் பெயர் கடைசியில் இருந்தது. கோடையில் குடும்பத்தோடு கிளம்பிப் போனார்.

எனக்கு வேலை போகவில்லை. அதற்கு நேர்மாறாக நடந்தது. தானாக வந்து ஒப்புக்கொண்ட டெக்னீஷியன் என்று என் பெயர் பரவிவிட்டது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பந்துகள் என்னிடம் வந்தன. ஆல்பர்ட் சார் ஓய்வு பெற்றபோது அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார். சில வருடங்களில் காலமானார். அவரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

நாலைந்து வருடம் கழித்து ஒரு மே மாதம் பத்மாவதி மேடம் வந்தார். விடுமுறைக்குத் தெற்கே போகிற வழியில் பெண்ணுக்கு இடத்தைக் காட்டக் கூட்டி வந்திருந்தார். முன்பக்கம் கொஞ்சம் நரைத்திருந்தது. இங்கிருந்து போனதிலிருந்து பந்தைத் தொடவில்லை என்றார். என் அறை வாசலில் நின்று பெண்ணிடம் சொன்னார்:

"நான் சொல்வேனே, அவர் இவர்தான். தப்பு தெரிஞ்ச உடனே ஓடி வந்து சொன்னாரு. அன்னிக்கு எனக்குப் போனது போச்சு. ஆனா இப்படியும் ஒருத்தர் இருக்காருன்னு தெரிஞ்சுதே, அது போதும்னு வீட்டுக்குப் போனேன்."

அந்தப் பெண்ணுக்குப் பதினாலு, பதினைந்து வயதிருக்கும். "அங்கிள், உங்களுக்கு அப்போ பயமா இல்லையா?" என்று கேட்டாள்.

"ரொம்ப பயமா இருந்துச்சும்மா" என்றேன்.

"பயந்துகிட்டேயும் உடனே சொல்லியிருக்கீங்க" என்றாள், அம்மாவைத் திரும்பிப் பார்த்து. அம்மா ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கு உள்ளே வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டேன். அன்று வேலை எதுவும் இல்லை.

இப்போது யூசுப் சொல்கிறான், மூன்று அவுன்ஸ் வரை செல்லுமாம். இன்றைய விதிப்படி அந்தப் பந்தில் குற்றமே இல்லை. எனக்கு அதில் ஆறுதல் இல்லை, ஏனென்றால் துருப்பிடித்த தராசு அவரிடமிருந்து பறித்தது மூன்று ஆட்டம்தான். அதை அவர் தாண்டி வந்திருப்பார். மீதி இரண்டை நான் பறித்தேன், பறித்ததை மறைத்து நல்லவன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டேன். யூசுப், உன் கடையில் இனிமேல் என் கதையைச் சொல்வதாக இருந்தால் அந்த இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துச் சொல்.